செதுக்கச் செதுக்க ஆழம் கூடியது ஏன்?

தேக்குக் கதவுப் பலகையில் பூவேலை ஓட்டும்போது சிஎன்சி ரவுட்டரில் (கணினி சொல்படி மரம் செதுக்கும் இயந்திரம்) ஒரு விநோதம். ஆரம்பத்தில் 4 மி.மீ. ஆழம் சரியாக விழும். முடிவதற்குள் 5 மி.மீ.யைத் தாண்டிவிடும்.

முதலில் இசட் அச்சின் (மேலும் கீழும் நகரும் பகுதி) கப்ளிங், அதாவது மோட்டாரை அதனுடன் இணைக்கும் துண்டின் திருகுகளை இறுக்கினேன். மாற்றமில்லை. மேசை மட்டம் பார்த்தேன், டிசைன் ஃபைலைப் புதிதாக உருவாக்கினேன். நாட்கள்தான் வீண்.

அப்புறம் பிட்டின் (வெட்டும் அலகு) தண்டில், அதைக் கவ்விப் பிடிக்கும் பிளவுபட்ட குழாயான காலெட்டின் வாயை ஒட்டி மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஓட்டினேன். வேலை முடிந்தபோது கோடு கீழே இறங்கியிருந்தது! தூளை மேலே தள்ளும் சுருள் பிட், வெட்டும்போது தன்னையே மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். பிடி தளர்ந்தால் நழுவும். தண்டில் பளபளவென்று வளையத் தேய்மானம் தெரிந்தால் அதுவே சாட்சி.

காலெட்டை இறுக்கும் நட்டை இன்னும் இறுக்கியும் பயனில்லை. காலெட்டின் பிளவுகளுக்குள் தேக்கு எண்ணெயும் தூளும் சேர்ந்து பிசினாய் இறுகிக் கிடந்தன. தின்னரில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்தேன். காலெட் உட்காரும் சுழல்தண்டான ஸ்பிண்டிலின் கூம்பு வாயையும் துடைத்தேன். காலெட்டை (என்னுடையது இஆர்20 அளவு) முதலில் நட்டுக்குள் 'டிக்' என்று உட்கார வைத்து, ஸ்பிண்டிலில் தளர்வாகப் பூட்டி, அதன்பிறகே பிட்டைச் செருகி இறுக்கினேன். ஆழம் கூடுவது நின்றுவிட்டது.

துருப்பிடிக்குமே என்று காலெட்டுக்குள் எண்ணெய் விடுபவர்கள் உண்டு. மாட்டும் முன் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிட் மறுபடி நழுவும்.