துட்டு சேர்க்கலாம் வாங்க: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு தொடக்கம்

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் காசையும் தேய்க்காதீர்கள். ஆயாவின் சுருக்குப்பையில் விக்டோரியா காலத்துக் காலணா ஒன்று கிடைத்தது. புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கு மாதிரி பளபளக்கத் தேய்த்து, புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு வியாபாரியிடம் பெருமையாக நீட்டினேன். “பாத்திரக் கடைக்கு எடுத்துட்டுப் போ தம்பி” என்றார். செம்பின் மேல் காலம் ஏற்றிய பழுப்புப் படலத்துக்குத்தான் விலை. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான்.

1. எதைச் சேர்ப்பது?

கிடைத்ததையெல்லாம் டப்பாவில் போட்டால் அது உண்டியல். ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். கையில் காசில்லாதவர்கள் மளிகைக் கடைச் சில்லறையிலேயே ஆரம்பிக்கலாம். ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள், காசு எந்த ஊரில் அச்சானது என்று தெரியும்: நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரக்கட்டம் மும்பை, புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டின் ரூபாயை நான்கு ஊர்க் குறியிலும் தேடுவது நல்ல பயிற்சி, கண் பழகிவிடும்.

தமிழ் சம்பந்தப்பட்ட நினைவு நாணயங்கள் இன்னொரு வரிசை. 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர், காமராசர் நூற்றாண்டு, தமிழ்க் கையெழுத்தோடு அண்ணா, 2010இல் தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு. இவற்றின் ஐந்து ரூபாய்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

நம் ஊருக்கே உரிய வரிசை மூன்றாவது. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே அடித்த சின்னச் செப்புக்காசில் ஒரு பக்கம் லில்லி மலர், மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’. காரைக்கால் பெயரிலும் உண்டு. அவர்கள் ‘தூதூ’ என்று எழுதியது நம்ம துட்டு, ‘காஷ்’ நம்ம காசு. ஒரு வெளிநாட்டு அரசு தன் நாணயத்தில் தமிழை மட்டும் எழுதியிருப்பதைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது வரும் சந்தோஷமே வேறு. ஆனால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். தேய்ந்தவை அதிகம், போலிகளும் உண்டு. பாரதி பூங்கா அருகே அருங்காட்சியகத்தில் அசல் காசுகளைப் பார்த்துவிட்டு அப்புறம் சந்தைக்குப் போங்கள்.

2. சாமான்கள்

பத்து மடங்கு லென்ஸ், நகைக்கடை மாதிரிச் சின்னத் தராசு, ஒரு காந்தம். பிரிட்டிஷ் வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், நூற்றுக்கு சுமார் 92 பங்கு வெள்ளி. 1940 முதல் அந்த வெள்ளிப் பங்கு 50 ஆகக் குறைந்தது. 1947 ரூபாய் முழுக்க நிக்கல், ஆகவே காந்தத்தில் ஒட்டும். ‘வெள்ளி’ என்று சொல்லித் தருவது ஒட்டினால் நடையைக் கட்டுங்கள். 1939 ரூபாய் மிக அரிது. அதனாலேயே போலியும் ஏராளம். 1818 என்று போட்டு ராமர், அனுமன் படத்தோடு வரும் ‘கம்பெனி காசு’ எதுவும் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்ததல்ல.

3. பத்திரப்படுத்துவது

நமக்குக் கடல்காற்றுதான் எதிரி. உப்பு ஈரம் செம்பைப் பச்சையாக்கிவிடும். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறையும் அதையே செய்யும். அட்டைச் சட்டத்தில் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பொட்டலத்தை மாற்றுங்கள். காசை எப்போதும் விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

4. பணம் வருமா?

வெள்ளிக் காசுக்கு உலோக விலையாவது உண்டு. மற்றவை குறைவாக அச்சாகி, தேயாமல் இருந்து, கேட்க ஆளும் இருந்தால்தான் ஏறும். ‘வைஷ்ணவி தேவி ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள்’ என்று வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரில் கமிஷன் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள் என்று 2021இலேயே எச்சரித்திருக்கிறது. வாங்கிய தேதி, விலை, எடையை நோட்டில் எழுதி, ரசீதையும் வையுங்கள். விற்கும் நாளில் அதுதான் பேசும்.

மனை தோண்டும்போதோ தென்பெண்ணை மணலிலோ புதையலாகக் கிடைத்தால், அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878 சட்டம். பாரிஸில் இருக்கும் மாமா ஆசையாகக் கேட்டாலும், நூறு வயதைத் தாண்டிய காசைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி அது குற்றம். மாமா லீவுக்கு வரும்போது இங்கேயே பார்த்துவிட்டுப் போகட்டும்.