லாரமிக்கு இயற்பியல் படிக்க வருகிறவர்களுக்கு

அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றால், "அது எங்கே இருக்கு?" என்றுதான் ஊரில் முதலில் கேட்பார்கள். டென்வரில் இறங்கி வடக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் லாரமி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,180 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டி உயரம். ஆனால் ஊட்டியின் ஈரம் துளிகூட இருக்காது. முதல் வாரம் தலைவலியும் மூச்சிரைப்பும் வந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இந்த உயரமும் காய்ந்த காற்றும் வானியலுக்கு வரம். காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிவிடும். அதனால்தான் 1977இல், ஊருக்குத் தென்மேற்கே ஜெல்ம் மலை உச்சியில், 2,943 மீட்டர் உயரத்தில் 2.3 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியை நிறுவினார்கள். துறையில் எல்லோரும் அதை 'வைரோ' என்பார்கள். ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர், இதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். வைரோ பல்கலைக்கழகத்துக்கே சொந்தமானது. பெரிய துறைகளில் பலர் சிலியிலோ ஹவாயிலோ சில இரவுகள் கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். தரவு வந்து சேரும், கருவியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே கருவியோடு பழகலாம், அது மக்கர் பண்ணும்போது ஏன் என்று கற்றுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், சிறிய துறைக்கு வர இந்த ஒன்றே போதும்.

சரி, சங்கடம் எங்கே? ஆள் குறைவு. உங்களுக்குப் பிடித்த பிரிவில் ஒரே ஒரு பேராசிரியர் இருந்து, அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாலோ ஓய்வு பெற்றாலோ ஆய்வு அந்தரத்தில் நிற்கும். ஒருவரை மட்டும் நம்பி வராதீர்கள். இவரோடும் வேலை செய்யலாம் என்று இரண்டாவது பெயர் ஒன்று மனதில் இருக்கட்டும். வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் நேராகக் கேளுங்கள்: இந்த வருடம் புதிய மாணவரை எடுக்கிறீர்களா, சம்பளம் ஆய்வு நிதியிலிருந்தா, டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலையிலிருந்தா? இங்கே இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கோடைக்காலச் சம்பளத்தை மட்டும் சீனியர் மாணவர்களிடம் தனியாக விசாரியுங்கள். ஒன்பது மாதத்துக்கு மட்டும் சம்பளம் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் சகஜம். இன்னொன்று, சிறிய துறைகளில் சில பாடங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் வரும். இந்த முறை விட்டால் தகுதித் தேர்வுக்கு நீங்களே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

டி.ஏ. வேலை என்றால் பெரும்பாலும் இளங்கலை மாணவர்களின் ஆய்வுக்கூட வகுப்பு. நம் வேக ஆங்கிலம் அவர்களுக்குப் பிடிபடாது. நிதானமாகப் பேசுங்கள், சமன்பாட்டைப் பலகையில் எழுதிவிடுங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதைத் தாண்டி "ஒரு கை கொடு" என்று யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குக்கரை மறக்காமல் எடுத்து வாருங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் வெந்தாலும் நறுக்கென்றுதான் இருக்கும். குக்கரிலும் ஊரில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட வையுங்கள். நம் மளிகைக்கு ஃபோர்ட் காலின்ஸோ டென்வரோ போக வேண்டியிருக்கும். கார் வைத்திருப்பவர்களோடு சேர்ந்து போய் மொத்தமாக வாங்கி வருவது நல்லது.

குளிர்காலத்தில் ஐ-80 நெடுஞ்சாலையைப் பனிக்காகவும் காற்றுக்காகவும் அடிக்கடி மூடிவிடுவார்கள். விமானம் பிடிக்கும் நாளில் முதலில் மாநிலத்தின் 511 சேவையில் சாலை நிலவரத்தைப் பாருங்கள். கார் கதவைத் திறக்கும்போது இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று அதைப் பின்பக்கமாக மடக்கிவிடும்.

அப்புறம் வரி. வயோமிங்கில் மாநில வருமான வரி கிடையாது, மத்திய வரி உண்டு. சம்பளமே வாங்காவிட்டாலும் வரித்துறைக்கு 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி, வரி போடும் முன் வருமானத்தில் ஒரு தொகையைக் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்கும்; இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அது இல்லை. அதனால் நண்பர் நிரப்பியதைப் பார்த்து அப்படியே நிரப்பாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே உள்ள வரி மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.