மழைக்காலச் செய்தி பார்த்துப் பதறாமல் இருக்க: முடிச்சூரிலிருந்து சில யோசனைகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் டிவி அணைவதில்லை. மாமியாருக்குச் செய்திச் சேனல்தான் துணை. சிவப்புப் பட்டையில் ‘ரெட் அலர்ட்’ ஓடத் தொடங்கியதும் அவருக்குக் கை நடுங்கும், எனக்கு வயிற்றைப் பிசையும். சென்னைப் புறநகரில், அடையாற்றை ஒட்டிய முடிச்சூரில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் கூடம் வரை வந்து போனது. அதனால் “செய்தியே பார்க்காதீங்க, நிம்மதியா இருங்க” என்ற அறிவுரை எங்களுக்குச் செல்லாது. பார்த்தே ஆக வேண்டும். வேண்டியதை எடுத்துக்கொண்டு எழுந்து போகத்தான் பழக வேண்டும்.

எது வேண்டியது? என் தெருவில் எப்போது, எவ்வளவு பெய்யும், அதற்குள் நான் என்ன செய்து முடிக்க வேண்டும். இதில் எதற்கும் பதில் சொல்லாத செய்தி, பின்னணி இசை எவ்வளவு அலறினாலும், எனக்கான செய்தி இல்லை.

நிறங்களின் கணக்கு தெரிந்தாலே பாதி பயம் குறையும். வானிலை மையத்தின் மஞ்சளுக்கு ‘கவனித்துக்கொண்டிருங்கள்’ என்று பொருள். ஆரஞ்சுக்கு ‘தயாராகுங்கள்’, சிவப்புக்கு ‘செயலில் இறங்குங்கள்’. சிவப்பு வந்தால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழைக்கு வாய்ப்பு. ஆனால் அறிக்கையை முழுதாகப் படித்தால் பெரும்பாலும் ‘ஓரிரு இடங்களில்’ என்று இருக்கும். அதாவது, மாவட்டத்தின் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேல் போகாது. டிவி பட்டையில் முதலில் காணாமல் போவது இந்த ‘ஓரிரு இடங்களில்’தான்.

2024 அக்டோபர் 16 பலருக்கு நினைவிருக்கும். சென்னைக்கு ரெட் அலர்ட், வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலம் நெடுக நிறுத்திய கார்கள். அன்று பயந்த அளவுக்குப் பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் மறுநாள் விடியற்காலையில் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துவிட்டது. காரை ஏற்றியவர்களைக் கேலி செய்தார்கள். என்னைக் கேட்டால், அவர்கள்தான் கெட்டிக்காரர்கள். கையால் ஒரு காரியம் செய்துவிட்டுப் போய்ப் படுத்தார்கள். ராத்திரி முழுக்கச் சேனல் மாற்றிக்கொண்டிருந்தவர்களுக்குக் காரும் பத்திரமில்லை, தூக்கமும் இல்லை.

அடுத்தது ஏரி. ‘செம்பரம்பாக்கத்தில் நீர் திறப்பு’ என்று கேட்டாலே எங்கள் பக்கம் ஆளாளுக்கு போனை எடுப்பார்கள். எண்ணைக் கேளுங்கள். 2015-இல் அதிகபட்சமாகத் திறந்தது விநாடிக்கு 29,000 கன அடி. இன்றைக்கு 100 கன அடி, 500 கன அடி என்றால் அது ஏரியைப் பாதுகாக்கிற வழக்கமான வேலை. இன்னொன்றும் உண்டு: செம்பரம்பாக்கத்து உபரி நீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேல் பக்கம். எங்களுக்கு வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து வருவது. அதனால் நான் செம்பரம்பாக்கத்து எண்ணை விட்டுவிட்டு, தெருமுனைக் கால்வாயில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியிருக்கிறது என்று போய்ப் பார்ப்பேன். உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ஒரு வெயில் நாளில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு’ துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களுக்கு. செயற்கைக்கோள் படத்தில் சிவப்பாகச் சுழல்வது மேக உச்சியின் குளிர்ச்சி. அவ்வளவும் மழையாக நம் தலையில் இறங்கப் போவதில்லை. பத்து நாள் கழித்து வரப்போகும் ‘ராட்சதப் புயல்’ வரைபடம் வாட்ஸ்அப்பில் வந்தால் திறக்கவே வேண்டாம்.

நேரத்துக்கு வருவோம். வானிலை மையத்தின் அறிக்கையை மதியமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னும் நான் படிப்பேன். புயலே உருவாகிவிட்டாலும் வழக்கமாக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புது அறிக்கை வரும். இடைப்பட்ட நேரத்தில் டிவியில் ஓடுவது, பெரும்பாலும் காலையில் எடுத்த அதே மெரினா அலைதான். மாமியாரிடம் இதைப் பாடம் நடத்தினால் கோபம் வரும். “அத்தை, அடுத்த அறிக்கை வர்றதுக்குள்ள முறுக்கைப் பிழிஞ்சிடலாமா?” என்று கேட்டால் எழுந்துவிடுவார். தீபாவளி மழையோடு வருவதில் எங்களுக்கு இந்த ஒரு லாபம். சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிடுவதும் அவருக்குச் சம்மதம்.

அப்புறம் வெளிநாட்டுச் சொந்தங்கள். துபாயில் இருக்கும் கொழுந்தனார் டிவியைப் பார்த்துவிட்டு எங்களைவிட அதிகமாகப் பதறுவார். அவர் கேட்பதற்கு முன்பே வாசல் படியைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறேன். அதோடு போன் மணி அடங்கும்.

பதற்றம் ஏறும்போது வேலையைத் தொடங்குங்கள்: பத்திரங்கள் பிளாஸ்டிக் உறையில் பரண் மேல், மாமியாரின் பிரஷர் மாத்திரை தனிப் பையில், போனும் பவர் பேங்கும் சார்ஜில், இன்வெர்ட்டர் பேட்டரி மேசை மேல், குடிதண்ணீர் இரண்டு கேன், பைக் மேட்டுத் தெருவில். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலத்துக்கானது. இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் எந்தப் படியைத் தொட்டால் மாடி வீட்டுக்குப் போவது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட வேண்டும். இது முடிவாகிவிட்டால் நடுராத்திரியில் ‘போகலாமா, வேண்டாமா’ என்று மனசு சுற்றாது. எங்கள் வீட்டில் அது மூன்றாவது படி.

ராத்திரி போன் சத்தம் முழுசாக அணைந்திருக்க வேண்டியதில்லை. மேட்டுத் தெரு அக்காவின் அழைப்பு மட்டும் வரும்படி வைத்திருக்கிறேன். விழிப்பு வந்து நெஞ்சு அடித்துக்கொண்டால் செய்தியைத் திறக்காமல் எழுந்து போய்ப் படியைப் பார்க்கிறேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் படபடப்பு கொஞ்சம் தணிகிறது.

மழை விட்டு வாரங்கள் ஆகியும் தூக்கம் வராமல், வானம் கறுத்தாலே உடம்பு வியர்த்தால், அதை மழைக்காலத்துச் சகஜம் என்று தள்ளிவிட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். 2015-ஐ நேரில் பார்த்த குழந்தைகள் இப்போது கல்லூரி வயதில் இருக்கிறார்கள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள், ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.