வேனில் வாழ்ந்து இலங்கை மலையகத்தைப் படம் எடுக்க வருகிறவர்கள் விடும் தவறுகள்

விடியல் நுவரெலியாவில், மதியம் எல்ல ஒன்பது வளைவுப் பாலம், பின்னேரம் லிப்டன் சீட். வேனில் வாழ்ந்து நிலக்காட்சி எடுக்கப் போகிறோம் என்று கிளம்பும் தம்பிமார் காட்டும் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. முதல் மாதம் நானும் அப்படித்தான் ஓடினேன். டீசலும் காசும் முடிந்தபோது கையில் மிஞ்சியது முழுக்க வெள்ளைப் பனிப்புகார். வேன் இருந்தால் ஒரே மேட்டில் நாலு விடியல் காத்திருக்கலாம். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

சரி, எந்த மேட்டில்? இதைப் பார்க்காமல் வருவது அடுத்த தவறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மழையைக் கொட்டிவிடும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம், ஊவாவில், பண்டாரவளையும் வெலிமடையும் வறண்ட காற்றில் கிடக்கும். பட்டிப்பொலவில் மழையோடு சுரங்கத்துக்குள் நுழைந்த ரயில் ஒஹியாப் பக்கம் வெயிலில் வெளியே வருவதை இந்தப் பாதையில் போகிற பலர் பார்த்திருப்பார்கள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கணக்கு தலைகீழ். வடகீழ்க் காற்றில் பதுளைப் பக்கம் நனையும், மேற்குச் சரிவு மெல்லத் தெளியும். ஜூலையில் ஹட்டனுக்கு வந்து ஒரு வாரம் வைப்பரையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, மலையகத்தில் வெளிச்சமே இல்லை என்றால் மலை என்ன செய்யும்? சிவனொளிபாதமலையின் முக்கோண நிழல் வேண்டுமென்றாலும் டிசம்பர் பௌர்ணமிக்கும் மே வெசாக்குக்கும் இடையில் வாருங்கள். மற்ற மாதங்களில் படிகளில் விளக்கும் இராது, உச்சியில் சூரியன் தெரிவதும் அதிர்ஷ்டம்தான்.

ஹோர்ட்டன் சமவெளியில் ஆறுதலாகப் பத்து மணிக்கு ‘உலக முடிவு’ என்ற செங்குத்து மலை விளிம்புக்குப் போய்ச் சேர்கிறவர்களும் உண்டு. அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து புகார் ஏறி, விளிம்பில் வெள்ளைச் சுவர்தான் நிற்கும். கேட் திறக்கும்போதே அங்கே இருக்க வேண்டும். தேசியப் பூங்கா என்பதால் நினைத்த இடத்தில் வேனைப் போட்டுத் தூங்க முடியாது. பட்டிப்பொலவிலோ ஒஹியாவிலோ இரவைக் கழித்துவிட்டு இருட்டோடு ஏறுங்கள்.

ஆனால் என் காசை அதிகம் தின்றது ஈரம். ஒருநாள் 70-200 லென்ஸை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள். பூஞ்சணம். இரவெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயே தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்து, நனைந்த சப்பாத்தை சீட்டுக்கு அடியில் காயப் போட்டிருந்தேன். காலையில் ஜன்னலில் வழிந்த தண்ணீர் லென்ஸுக்குள்ளும் போகும் என்று தோன்றவே இல்லை. இப்போது அடுப்பு வெளியே. (மூடிய வேனுக்குள் அடுப்பு எரித்தால் லென்ஸ் மட்டுமா போகும்? கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.) ஜன்னல் எப்போதும் இரண்டு விரல் திறந்திருக்கும். கமெரா பைக்குள் தூங்குவதில்லை. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் எனக்கு நிம்மதி. அரிசி போட்டு வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள், தூசிதான் மிஞ்சும். அப்புறம், நுவரெலியாக் குளிரில் கிடந்த கமெராவை வெல்லவாய வெக்கையில் இறங்கியதும் வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்த்துவிடும். பெட்டியை மூடியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள்.

இறம்பொடை வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்காதீர்கள், கியரைக் குறைத்து இறங்குங்கள். கருகிய மணம் வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். மழை நாளில் மண் வெட்டிய மேட்டுக்கு அடியில் வேனை நிறுத்தித் தூங்க வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு இடம் தேடுங்கள். ட்ரோன் கொண்டு வருகிறவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளை முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கேட்காமல் எடுப்பது. தேயிலை மலை நமக்குக் காட்சி, அங்கே நிற்கிறவர்களுக்கு அது வேலைத்தளம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் காயும் உடுப்பையும் குளிக்கும் பீலியையும் தூரத்து லென்ஸால் இழுத்து எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலவாக்கலைப் பக்கம் ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நானும் கமெராவைத் தூக்கினேன். கூடையை இறக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "தம்பி, இடுப்புல சாக்கோட எடுக்காதீங்க" என்றார். இறக்கிவிட்டேன். எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். "அப்ப அந்தத் தேயிலைக்கு மேல போய் நில்லுங்க. ஏழு மணிக்கு முதல் வெயில் அங்கதான் விழும்."

மூன்றாம் நாள்தான் விழுந்தது. பத்து நிமிடம் இருக்கும்.