கவிழ்ந்த சீட்டைப் படிப்பது: ஒரு போக்கர் ஆட்டத்தை அலசும் முறை

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓண விடுமுறை என்றால் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் களைகட்டும். ஏலம் எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அவர் இறக்கும் சீட்டுகளைக் கொண்டே மற்றவர்கள் அதை ஊகிக்க வேண்டும். அந்தப் பழக்கம் இருந்தால் போக்கரை அலசுவது விரைவில் கைவரும். ஒரு சீட்டுக்கட்டும் இரண்டு கைப்பிடி புளியங்கொட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம்.

நாம் பார்க்கப்போவது 2003-இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. தலைக்கு 10,000 டாலர் கட்டணம், 839 பேர், முதல் பரிசு 25 லட்சம் டாலர். கடைசியில் எஞ்சியவர்கள் இருவர்: தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹா, 86 டாலர் இணையப் போட்டி வழியாக உள்ளே வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். அவர்கள் இருவரும் ஆடிய ஒரு சுற்றைத்தான் அலசப்போகிறோம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கையில்; நடுவே திறக்கப்படும் ஐந்து பொதுச் சீட்டும் இருவருக்கும் உரியவை; இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவருக்கோ, எதிராளி விலகினால் எஞ்சியவருக்கோ வெற்றி.

முதலில் ஃபார்ஹாவின் இடத்தில் உட்காருங்கள். உங்கள் கையில் இஸ்பேட் ராணி, ஆட்டின் ஒன்பது. எதிரே மணிமேக்கரின் சீட்டுகளான இஸ்பேட் ராஜாவையும் ஆட்டின் ஏழையும் கவிழ்த்து வையுங்கள். அவை என்னவென்று தெரிந்தாலும் திறக்காதீர்கள். எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்பவர் எதையும் கற்பதில்லை.

ஒரு கொட்டைக்கு ஒரு லட்சம் சில்லு (பந்தயம் வைக்கும் வில்லை) என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு கொட்டை நடுவே வைக்கிறார்கள். பொதுச் சீட்டு மூன்று: இஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேட் ஆறு. ஃபார்ஹாவுக்கு ஒன்பதில் ஜோடி சேர்ந்துவிட்டது. இருந்தும் இருவருமே பந்தயம் வைக்கவில்லை.

நான்காவது சீட்டு இஸ்பேட் எட்டு. ஃபார்ஹா மூன்று கொட்டை வைக்கிறார்; மணிமேக்கர் எட்டாக உயர்த்துகிறார்; ஃபார்ஹாவும் எட்டாக ஈடுகட்டுகிறார். இங்கே நிறுத்தி, எதிர்ப்பக்கம் மாறி உட்காருங்கள். இந்த ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மணிமேக்கரிடம் அப்போது ஒன்றுமே சேரவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: மீதி இஸ்பேட் எட்டில் எது வந்தாலும் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, இஸ்பேட் அல்லாத பத்து மூன்று, ஐந்து மூன்று, இவற்றில் ஒன்று வந்தால் வரிசை (அடுத்தடுத்த ஐந்து சீட்டு), மற்ற மூன்று ராஜாக்களில் ஒன்று வந்தால் பெரிய ஜோடி. வெளிவராத 44 சீட்டுகளில் 17 அவருக்கு வெற்றி தரும், ஏறத்தாழ 39 விழுக்காடு. ஃபார்ஹா விலகினால் அப்போதே வெற்றி. இந்தக் கணக்கைப் பார்க்காதவர்களே அவர் எட்டாக உயர்த்தியதை வெறும் துணிச்சல் என்கிறார்கள்.

கடைசிச் சீட்டு ஆட்டின் மூன்று. ஃபார்ஹா சும்மா இருக்க, மணிமேக்கர் கையிருப்பு முழுவதையும் நடுவே தள்ளினார்.

மீண்டும் ஃபார்ஹாவின் பக்கம் வாருங்கள். நடுவே 18 கொட்டை கிடக்கிறது. உங்கள் ஒன்பது ஜோடியை வெல்லக்கூடியவை எவை என்று தாளில் எழுதுங்கள்: எதிராளி கையில் இரண்டு இஸ்பேட், பத்து-ஏழு, ஏழு-ஐந்து, இரட்டை ஜோடி போன்றவை. பிறகு இஸ்பேட் ராணி உங்களிடமே இருப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். எதிராளிக்கு இஸ்பேட் சேராமல் போயிருக்கும் என்று ஃபார்ஹா வாய்விட்டே சொன்னார். ஊகம் சரிதான். இருந்தும் சீட்டைக் கீழே வைத்து விலகிவிட்டார். பின்னர் பட்டத்தையும் மணிமேக்கரே வென்றார்.

இப்போது கடைசிச் சீட்டை மட்டும் எடுத்துவிட்டு இஸ்பேட் நான்கை வையுங்கள். ராணியை வைத்துக்கொண்டு நீங்கள் விலகுவீர்களா? இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள்.