புதைமணலில் கால் மாட்டினால் வெளியே வருவது எப்படி?

நின்ற நிலையில் மாட்டியவரைப் புதைமணல் தலைவரை விழுங்காது. அதன் அடர்த்தி நம் உடம்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடுப்பளவு இறங்கியதும் மிதக்க ஆரம்பித்துவிடுவோம். 2005-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் இதைக் காட்டினார்கள். உயிரை எடுப்பது, கால் மாட்டிக் கிடக்கும்போது ஏறி வரும் கடலும், உடம்புச் சூட்டை உறிஞ்சும் குளிர்ந்த சேறும்தான். இங்கிலாந்தில் புதைமணலுக்குப் பேர்போன மோர்கம் விரிகுடாவில், 2004 பிப்ரவரியில் மட்டி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் ஏறிவந்த ஓதத்தில் மூழ்கி இறந்தார்கள்.

படி 1: காலடியில் தரை தளும்பினால் நிற்காதீர்கள். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். முதுகுப் பையைக் கழற்றி எட்டுகிற இடத்தில் போடுங்கள்.

படி 2: கடலோரம், கழிமுகம் என்றால் உடனே உதவிக்குப் போன் செய்யுங்கள். "நாமே வந்துவிடலாம்" என்று காத்திருக்கும் நேரத்தில் தண்ணீர் ஏறிவிடும்.

படி 3: மல்லாந்து சாயுங்கள். கைகளை விரியுங்கள். எடை பரவும்.

படி 4: காலை விடுவிப்பது. எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்தது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். கலங்கிய மணல் மறுபடி படியும்போது தண்ணீர் மேலே பிரிந்து, மணல் பாதத்தைச் சுற்றிக் கெட்டியாக இறுகும். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் பாதத்தை உருவவே ஒரு நடுத்தரக் காரைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். ஆகவே இழுக்காதீர்கள், ஆட்டுங்கள். கணுக்காலைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றினால் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி மணல் இளகும். ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும். மூச்சு வாங்கினால் சாய்ந்தபடியே ஓய்வெடுங்கள். நிதானமாகச் செய்தால்தான் வேலை நடக்கும்.

படி 5: இரண்டு காலும் மேலே வந்தபின் எழுந்து நிற்கக் கூடாது. மல்லாந்தபடியே நகர்ந்து கெட்டித் தரைக்குப் போங்கள்.

கையில் என்ன வைத்துக்கொள்ளலாம்? என்னைக் கேட்டால், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பு. முன்னால் குத்திப் பார்க்கலாம், மாட்டினால் முதுகுக்கு அடியில் குறுக்கே போட்டுச் சாயலாம். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் எனக்குப் பிடிக்காது, சேறு அதைக் கவ்விக்கொள்கிறது. கவ்வினால் பூட்ஸை விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவுங்கள்.

பின்சேர்க்கை: படித்த ஒருவர், வண்டியில் கயிறு கட்டி இழுக்கலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம். மணல் காலை விடாது, மூட்டு பிசகிவிடும். மீட்புக் குழுவினர் நீளமான குழாயைக் காலருகே செருகித் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இளக்குவார்கள். வெறும் சேற்றில் மாட்டியதாக இன்னொருவர் எழுதியிருந்தார். களிமண் சேறு அவ்வளவு சீக்கிரம் இளகாது. காலை ஒட்டிக் கையாலேயே தோண்டி, காற்றும் தண்ணீரும் உள்ளே போக வழி செய்யுங்கள். உதவ வருபவர் பலகையைப் போட்டு அதன்மேல் படுத்துத்தான் கிட்டே வர வேண்டும்.