தோட்டத்து வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய் வருவது எப்படி

விடுதியில் இடம் இல்லை என்று கடிதம் வந்ததும் முதலில் கொஞ்ச நேரம் அழுதுகொள், தப்பில்லை, நானும் அழுதேன். அப்புறம் கணக்குப் போடு. ஈப்போவில் ஓர் அறைக்கு வாடகை, முன்பணம், மின்சாரம், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே அப்பாவின் சம்பளத்தையும் எழுதிப் பார். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதில்தான் வீடு நடக்க வேண்டும், தம்பி பள்ளிக்குப் போக வேண்டும், கோவில் வரியும் கட்ட வேண்டும். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். இரண்டரை வருடமாகச் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து தினமும் போய் வருகிறேன். உனக்கும் அந்த நிலைமை வந்தால், நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டதை எடுத்துக்கொள்.

முதலில் மோட்டார், ஏனென்றால் பஸ்ஸை நம்பினால் எட்டு மணி வகுப்பு ஒன்றையும் பார்க்க மாட்டாய். எங்கள் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பஸ் நிற்கிற இடத்துக்குப் போகவே செம்மண் ரோட்டில் நல்ல தூரம். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற மாதங்களில் மோட்டாருக்கான பி2 லைசென்ஸ் எடுத்துவிடு. 16 வயதிலேயே எடுக்கலாம், ஆனால் கல்லூரி தொடங்கிய பிறகு அதற்கு நேரம் கிடைக்காது. செலவு நீ பயப்படுகிற அளவுக்கு இல்லை. போக வர அறுபது கிலோமீட்டர், சாதாரண காப்சாய், அதாவது சின்ன மோட்டார், ஒரு லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டராவது ஓடும். 2025 செப்டம்பர் 30-இலிருந்து மைகாட் (அடையாள அட்டை) வைத்து ஊற்றினால் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி என்று ஆனது, அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு மூன்று வெள்ளி, மாதத்துக்கு அறுபது. கறுப்பெண்ணெய் (இன்ஜின் ஆயில்) மாற்றுகிற காசைத் தனியாக எடுத்து வை. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும், அதை இழுத்தடித்துத்தான் என் தோழி ஒருத்தி செமோர் பக்கத்தில் நடு ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஈப்போ ரோட்டைவிட தோட்டத்து ரோட்டில்தான் அதிகம் விழுவாய். செம்பனைக் குலை ஏற்றிய லாரி போன பிறகு உதிரிப் பழம் ரோட்டில் கிடக்கும், அதன் மேல் முன் சக்கரம் ஏறினால் வாழைப்பழத் தோல்தான். குலையை அறுத்த 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோகப் பார்ப்பார்கள், அதனால் லாரிக்காரர் உனக்காக ஒதுங்க மாட்டார், நீதான் ஒதுங்க வேண்டும். காலையில் ஏழு மணி தாண்டித்தான் பேராவில் வெளிச்சம் வரும், நீ அதற்கு முன்னாலேயே கிளம்புகிறவள். முன் விளக்கு, பின் விளக்கு இரண்டும் எரிகிறதா என்று பார்க்காமல் கேட்டைத் தாண்டாதே. கந்தான் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரும், அவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதே. கல் தெறிக்கும், தூசி கண்ணை மறைக்கும்.

மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் இடியோடு வரும், அதாவது சரியாக நீ வீடு திரும்புகிற நேரத்தில். சட்டை தனி, கால்சட்டை தனி என்று இருக்கிற மழைக்கோட்டு வாங்கு. போர்வை மாதிரி தொங்குகிற மலிவு கோட்டு வேண்டாம், அது காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும். மடிக்கணினியை முதலில் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அப்புறம்தான் முதுகுப் பையில் வை. மழை நிற்கிற வரை கடை ஓரத்தில் ஒதுங்கி நில். 'லேட்டாகும்' என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ் போடு, இல்லையென்றால் அம்மா தோட்டத்துக் கேட் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

சரி, மோட்டாரை விடு. உண்மையான கஷ்டம் நேரம். தோட்டத்துக்கு ஒரு கடிகாரம், கல்லூரிக்கு ஒரு கடிகாரம். தோட்டம் நாலு மணிக்கு எழும்பி ஒன்பது மணிக்குப் படுக்கும். கல்லூரி எட்டு மணிக்கு எழும்பி நள்ளிரவு வரை வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கும். முதல் செமஸ்டரில் நான் இரண்டு கடிகாரத்துக்கும் ஓடினேன், ராத்திரி பன்னிரண்டு வரை குரூப் வேலை, காலையில் நாலு மணிக்கு அடுப்படியில் பாத்திரச் சத்தம். அக்டோபரில் ஒரு நாள் மோட்டாரிலேயே கண் சொக்கிவிட்டது. ரோட்டோரப் புல்லில் இறங்கி நின்றதால் தப்பித்தேன்.

அன்றைக்கு முடிவு செய்தேன், தோட்டத்துக் கடிகாரம்தான். நீயும் அதையே எடு. ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்துவிடு. அம்மா சோறு வடிக்க எழும்புகிற நாலு மணிக்கு நீயும் எழும்பு. அந்த நேரத்தில் டி.வி. ஓடாது, பக்கத்து வீட்டு மாமி வர மாட்டார், லயமே லைன் பிடித்து வீடியோ பார்க்காததால் இணையமும் ஓடும். நாலே கால் முதல் ஐந்தே முக்கால் வரை ஒன்றரை மணி நேரம் படித்தால், ராத்திரி மூன்று மணி நேரம் கொட்டாவி விட்டுக்கொண்டு படிப்பதற்குச் சமம். அப்பா பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு) கிளம்புவார், நீ குளிக்கப் போவாய். ஒரு மாதம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் உடம்பே எழுப்பிவிடும்.

இதில் ஒரு சிக்கல், குரூப் வேலை ராத்திரியில்தான் நடக்கும். முதல் வாரமே குரூப்பில் சொல்லிவிடு: இரவு ஒன்பதுக்கு மேல் நான் இருக்க மாட்டேன், ஆனால் அறிக்கை எழுதுவதையும் ஸ்லைட் செய்வதையும் நான் எடுத்துக்கொள்கிறேன், விடியற்காலையில் உங்கள் கையில் இருக்கும். அவர்கள் எழும்பிப் பார்க்கும்போது வேலை முடிந்திருந்தால் ஒருவரும் முனக மாட்டார்கள். எதையும் சொல்லாமல் மறைந்து போனால்தான் 'வீடு தூரம், பாவம், விட்டுவிடுங்கள்' என்று உன்னை ஒதுக்கிவைப்பார்கள், அந்தப் பாவம் உன் மதிப்பெண்ணைத் தின்னும்.

அடுத்தது வீடு. தோட்டத்தில் வேலை என்றால் வியர்க்க வேண்டும். மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது வேலை என்று யாருக்கும் தெரியாது, அது அவர்கள் குற்றமும் இல்லை. "சும்மாதானே ஒக்காந்திருக்க, இந்த வெங்காயத்த உரிச்சுக் குடு" என்று அம்மா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது வேறு வழியில். கோவில் காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு வாரத்துக்கான நேர அட்டவணையைத் தமிழில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். அதில் 'படிப்பு' என்று எழுதவில்லை, 'வேலை நேரம்' என்று எழுதினேன். கூடவே சாயங்காலப் பாத்திரமும், எல்லாருடைய துணி தேய்ப்பதும் என் பொறுப்பு என்றும் எழுதினேன். வீட்டு வேலை எதையும் செய்யாமல் அட்டவணை மட்டும் ஒட்டினால் கிழித்துவிடுவார்கள். நமக்கென்று இரண்டு வேலையை நாமே எடுத்துக்கொண்டால் மூன்றாவது வேலை வராது. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் தம்பி என்னைக் கூப்பிட வந்தபோது அம்மாவே, "அக்காவுக்கு வேல நேரம், போகாத" என்றார்.

உட்காருகிற இடத்தையும் கவனி. டி.வி. இருக்கிற முன் அறையில் எதுவும் ஓடாது. எங்கள் தோட்டத்தில் பழைய ஆயக்கொட்டகை (வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம்) காலியாகக் கிடந்தது, இப்போது வெட்டு வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள், பிள்ளைகளை விட்டுப் போக ஆள் இல்லை. கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) சாவி கேட்டேன், கொடுத்தார். தனியாகப் போகாதே, தம்பியையும் வீட்டுப்பாடத்தோடு கூட்டிக்கொண்டு போ. வகுப்பு சீக்கிரம் முடிகிற நாளில் ஈப்போவில் துன் ரசாக் நூலகம் இருக்கிறது, குளிர்சாதனம் இலவசம். இணையத்தில் சமர்ப்பிக்க வேண்டியதை எல்லாம் கல்லூரியிலிருந்தே ஏற்றிவிட்டு வா, கெடு இரவு 11.59 என்று இருந்தாலும் உனக்குக் கெடு சாயங்காலம் ஐந்து மணி. இடி இடித்தால் லயத்தில் கரண்டு போகும், கரண்டு போனால் லைனும் போகும்.

சாப்பாடு சுலபம். அப்பாவுக்குக் கட்டுகிறபோதே உனக்கும் கட்டச் சொல். தேங்காய்ப்பால் ஊற்றிய கறி வேண்டாம், விடியற்காலையில் கட்டியது மத்தியானத்துக்குள் புளித்துவிடும். நெத்திலி சம்பாலோ புளிக்குழம்போ தாங்கும், குழம்பைத் தனி டப்பாவில் எடு. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது கூட்டாளிகளோடு கேன்டீனில் போய் உட்கார், ஒரு தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) வாங்கினாலும் போதும். எங்கே என்ன வேலை இருக்கிறது, எந்த விரிவுரையாளர் எப்படித் தாள் திருத்துவார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

இப்போது யாரும் உனக்குச் சொல்லாத ஒன்று. நீ கல்லூரிக்குப் போன முதல் நாளிலிருந்து தோட்டத்துக்கே நீதான் கிராணி. அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகைப் பாரம், போலீஸ் சம்மன், ஆஸ்பத்திரிக் கடிதம், பேரனின் பள்ளிப் பதிவு, எல்லாம் உன் வாசலுக்கு வரும். "பாப்பா, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்று ஒரு பாட்டி நிற்கும்போது எப்படி மறுப்பது? மறுக்காதே, நேரம் சொல். சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு, கோவில் மண்டபத்தில். என்ன படிக்கிறாய் என்றும் கேட்பார்கள், மெக்கானிக்கல் என்றால் "மோட்டார் ரிப்பேரா?" என்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடு, விளக்கப் போனால் அரை நாள் போகும். ஒரே ஒரு விதி: யாருடைய வங்கி அட்டை எண்ணும், பாஸ்வேர்டும், வங்கி கைப்பேசிக்கு அனுப்புகிற டேக் எண்ணும் உனக்குத் தெரியக்கூடாது. அவரே அழுத்தட்டும், நீ வேறு பக்கம் திரும்பிக்கொள். நாளைக்குப் பணம் காணாமல் போனால் முதலில் உன் பெயர்தான் வரும். யாராவது போனில் ஏமாந்து காசு அனுப்பிவிட்டேன் என்று ஓடி வந்தால், பேசிக்கொண்டிருக்காமல் உடனே மோசடிப் புகார் எண் 997-க்கு அடிக்கச் சொல்.

கடைசியாகக் காசு. அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கு மனு செய்யும் முன் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும், கல்லூரியில் பதிந்த பிறகுதான் என்று காத்திருக்காதே. வருடத்துக்கு 1 விழுக்காடு கட்டணம்தான், வட்டிக்காரனிடம் வாங்குகிற கடன் மாதிரி பயப்பட வேண்டாம். ஆனால் முதல் பணம் நீ சேர்ந்த அன்றே வராது, வாரக்கணக்கில் ஆகும். அதனால் இரண்டு மாதப் பெட்ரோல் காசைக் கையில் வைத்துக்கொண்டு சேர்.

அப்பா "என் இ.பி.எப்.ல எடுத்துக்கலாம்" என்பார், ஓய்வுக்காலத்துக்காகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற பணம் அது. எடுக்கவும் முடியும். 2024 மே 11 முதல் இ.பி.எப். கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது, செஜாத்தெரா கணக்கிலிருந்து பிள்ளை படிப்புக்கு எடுக்கலாம், ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து எதற்கும் எடுக்கலாம், ஐம்பது வெள்ளியிலிருந்து. அவர் கைப்பேசியில் நீயே இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம், அதுதான் ஆபத்து. நீ இருக்கிற வீடு தோட்டத்து வீடு. அப்பாவுக்கு அறுபது வயதாகி வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அன்றைக்கு டவுனில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்ட இருக்கிற ஒரே காசு அதுதான். புது மடிக்கணினிக்காக அதைத் தொடாதே, பழையதை வாங்கு. கட்டணம் கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்ற நிலை வந்தால் மட்டும், அதுவும் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு எடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் மோட்டாரோடு இரு. சங்கிலிக்கு எண்ணெய், டயரில் காற்று, பிரேக், இரண்டு விளக்கு, மழைக்கோட்டு காய்ந்திருக்கிறதா என்று. அப்பாவின் வண்டியையும் சேர்த்தே பார்த்துவிடு, திங்கட்கிழமை உனக்கு முன்னால் இருட்டில் கிளம்புகிறவர் அவர்தான்.